ஸ்கூல் ஐடி மூடறதுக்கு முன்னாடி

கோத்தகிரி அக்கா: மாமா, பாப்பாவுக்கு பிளஸ் டூ முடியுது. ஸ்கூல் மெயில் ஐடியை மூடிடுவாங்களாம். ப்ராஜெக்ட், நோட்ஸ் எல்லாம் அந்த கூகுள் டிரைவ்லதான் கெடக்கு. காசு கட்டி இடம் வாங்கிடலாமா?

ஊட்டி மாமா: அவசரப்படாத மா. ஸ்கூல் கணக்குல மொத்த ஸ்கூலுக்கும் சேர்த்து 100 டிபி (ஒரு டிபின்னா சுமார் ஆயிரம் ஜிபி) இலவசம், அதனால எந்தப் புள்ளையும் அளவு பாக்குறதில்ல. சொந்தக் கணக்குக்கு 15 ஜிபிதான். வெளிய வர்ற அன்னைக்கே "இடம் வாங்கு"ன்னு பட்டன் வந்து நிக்கும். இது இன்னைக்கு வந்த வியாபார வழி இல்ல. 1983லயே ஆப்பிள் கம்பெனி கலிபோர்னியாவுல சுமார் 9,000 ஸ்கூலுக்கு, ஸ்கூலுக்கு ஒண்ணுன்னு கம்ப்யூட்டர் சும்மா குடுத்துச்சு. சின்ன வயசுல கை எதுல பழகுதோ, பெரிசானதும் அதையேதான் வாங்கத் தோணும்.

கோத்தகிரி அக்கா: சரி மாமா, இப்ப என்ன செய்யணும்?

ஊட்டி மாமா: டிரைவ்ல இடது பக்கம் "ஸ்டோரேஜ்" அழுத்து. பெரிய ஃபைல் மேல வரும். வேண்டாத வீடியோவை அழிச்சு, ட்ராஷையும் காலி பண்ணு. அப்புறம் ஸ்கூல் ஐடியில கூகுள் டேக்அவுட்டோட (நம்ம ஃபைலை வெளிய எடுக்க கூகுளே குடுக்குற வசதி) டிரான்ஸ்ஃபர் பக்கத்துக்குப் போ. பாப்பாவோட சொந்த ஜிமெயிலைக் குடு, அதுக்கு ஒரு கோட் வரும், அதைப் போட்டு டிரைவ், மெயில் ரெண்டையும் டிக் பண்ணு. சர்வருக்கும் சர்வருக்கும் நடுவுல நடக்குற வேலை, மழையில நம்ம நெட் போனாலும் நிக்காது. சில மணி நேரத்துல முடியலாம், ஒரு வாரமும் ஆகலாம். கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போடாத.

குன்னூர் சித்தி: அண்ணா, சில ஸ்கூல்ல அட்மின் அந்த டிரான்ஸ்ஃபரையே அடைச்சு வெச்சிருப்பாங்க.

ஊட்டி மாமா: டேக்அவுட் திறந்திருந்தா டவுன்லோட் பண்ணலாம். எல்லாம் ஜிப் ஃபைலா துண்டு துண்டா வரும், ஒரு துண்டோட அளவு 2 ஜிபின்னே இருக்கட்டும். நடுவுல கரண்ட் போனா அந்த ஒரு துண்டை மட்டும் திரும்ப இறக்கினா போதும். லிங்க் ஒரு வாரத்துல செத்துடும். கூகுள் டாக்ஸை ஓடிடி (.odt) ஃபார்மேட்டுல எடுத்தா, வேர்ட் மாதிரி இருக்குற லிப்ரே ஆபீஸ்ல காசில்லாம திறக்கலாம்.

குன்னூர் சித்தி: புள்ளைங்க பண்ற பெரிய தப்பு ஒண்ணு. கம்ப்யூட்டர்ல தெரியுற டிரைவ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவ்ல காப்பி பண்ணிடுறாங்க. கூகுள் டாக்ஸ் ஃபைலா இருந்தா அதுல ஒரு கேபி கூட இருக்காது, வெறும் முகவரி. கணக்கு மூடினா அது திறக்காது. எழுதினது எல்லாம் போயிடும், மனசு கேக்காது.

குன்னூர் சித்தி: இன்னொண்ணு டீ. நீட், இன்ஜினியரிங் கவுன்சிலிங், வேற ஆப் எதுலயாவது ஸ்கூல் ஐடி குடுத்திருந்தா இப்பவே மாத்து. ஓடிபி அங்கதான் போகும். மூடின ஐடிக்கு வந்த ஓடிபியை யாராலயும் எடுக்க முடியாது.

ஊட்டி மாமா: இதுதான் முதல்ல செய்ய வேண்டியது. ஃபைலை விட இது முக்கியம்.

குன்னூர் சித்தி: அண்ணா, எங்க கம்ப்யூட்டர் லேப்ல விண்டோஸ் 10 மெஷின். 2025 அக்டோபரோட அப்டேட் நின்னுபோச்சு. இலவசமா குரோம்புக் (கூகுளோட குரோம் ஓஎஸ்ல ஓடுற லேப்டாப்) தர்றோம்னு ஒருத்தர் வந்து பேசுறாரு.

ஊட்டி மாமா: வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடலோட அப்டேட் கடைசித் தேதியைக் கேளு. 10 வருஷம்னு சொல்லுவாங்க, அந்தக் கணக்கு அதோட பிளாட்ஃபார்ம் (உள்ள இருக்குற அடிப்படை ஹார்ட்வேர்) வெளிவந்த நாள்ல இருந்து, நமக்குக் கிடைச்ச நாள்ல இருந்து இல்ல. பழைய மெஷின்ல 4 ஜிபி ரேம் இருந்தா ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி ஒண்ணு மாட்டி, விண்டோஸுக்குப் பதிலா இலவசமான லினக்ஸ் மின்ட் போடலாம். ஏத்துறதுக்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும். லீவு முடிஞ்சு வந்து எந்த சைட்டும் திறக்கலைன்னா மெஷினைத் தூக்கிப் போட்டுடாத. போர்டுல இருக்குற சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்து தேதி பின்னாடி போயிருக்கலாம், தேதி தப்பா இருந்தா சைட் திறக்காது. பேட்டரியை மாத்தி தேதியைச் சரி பண்ணு.

கோத்தகிரி அக்கா: ஸ்டோரேஜ் 22 ஜிபி காட்டுது மாமா. அதுல 14 ஜிபி லேப் வீடியோ.

ஊட்டி மாமா: வேணுங்கிற வீடியோவை மட்டும் பென்டிரைவ்ல ஏத்திட்டு, டிரைவ்ல இருந்து வீடியோ எல்லாத்தையும் அழிச்சுடு. மிச்சம் 8 ஜிபி, சொந்தக் கணக்கோட 15 ஜிபிக்குள்ள தாராளமா அடங்கும். இன்னைக்கு ராத்திரியே ஆரம்பி மா.