ஜெம்பே வாசித்து விரல் வெடிக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: மாலியில் செய்த ஜெம்பே (கையால் அடிக்கும் மேற்கு ஆப்பிரிக்க முரசு), லெங்கே மரம், ஆட்டுத்தோல். தினமும் வாசிப்பதால் விரல் மடிப்புகளில் வெடித்து எரிகிறது. மழை நாளில் சத்தமும் தொய்ந்து பொத் பொத்தென்று வருகிறது. கைக்குத் தடவும் எண்ணெயையே முரசின் தோலுக்கும் தடவலாமா?

பதில்: வேண்டாங்க. மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா வெண்ணெயை (ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) கைக்குத் தடவுவார்கள், நீங்களும் படுக்கும் முன் வெடிப்பில் அழுத்தித் தேயுங்கள், வாசிக்கும் முன் மட்டும் நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஏனென்றால் ஆட்டுத்தோலில் எண்ணெய் ஊறினால் ஸ்லாப் எனும் அந்தக் கூர்மையான அடியோசை மழுங்கிவிடும்.

பதில்: தொய்வது ஈரத்தால்தான். அவசரப்பட்டு, தோலை இழுத்துக் கட்டியிருக்கும் கயிற்றை இறுக்காதீர்கள்! காயும்போது தோல் தானாகவே இறுகும், ஏற்கெனவே இழுத்த கயிறும் சேர்ந்தால் கிழிந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள். அப்புறம், மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாசியுங்கள்.

கேட்டவர்: சரி, நன்றி. உள்ளங்கையும் வீங்குகிறதே?

பதில்: அப்படியென்றால் பலமாக அடிக்கிறீர்கள். ஸ்லாப் பலத்தால் வருவதில்லை, விரல்கள் தளர்ந்து தோலில் பட்டதும் எழும்ப வேண்டும். வீக்கம் வடியும்வரை வாசிக்காதீர்கள். நீண்ட நேரம் வாசித்தபின் சிறுநீர் செந்நிறமாகவோ பழுப்பாகவோ போனால் உடனே மருத்துவரிடம் போங்கள், தொடர்ந்த அடியில் ரத்த அணுக்கள் உடைந்தும் அப்படி வரும்.