மியாசாகி கரிக்கோழி: கருப்பு என்றால் கருகலா?

மியாசாகிக்காரன்: நேற்று நாகோயாவாசி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "டோக்கியோவில் ஒரு இசகாயாவில், அதாவது மதுவோடு சாப்பாடும் தரும் கடையில், மியாசாகி கரிக்கோழி கேட்டேன். கருகிப்போன கறியைச் சூடான இரும்புத் தட்டில் கொட்டி 1,400 யென் வாங்கிவிட்டார்கள்" என்கிறார். ஐயா, அது கருகல் இல்லை, புகை. தொடைக்கறியைத் துண்டு போட்டுத் தணலுக்கு நேர் மேலே புரட்டுவார்கள். கொழுப்பு சொட்டும், குப்பென்று தீ எழும், அந்தப் புகைக்கரி கறியில் படியும். கருப்பு அப்படி வருவதுதான். உள்ளே வெட்டிப் பார்த்தீர்களா? சாறு நிற்கும். மூன்று வருடம் மியாசாகியில் இருந்து சாப்பிட்டவன் சொல்கிறேன்.

நாகோயாவாசி: புகைக்கரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கரி தின்னவா இசகாயாவுக்குப் போகிறோம்? நாக்கில் கசந்தது. கசந்தால் கருகல். எங்கள் ஊரில் நாகோயா கொச்சின் என்ற எங்கள் கோழி இனத்தை உப்பு மட்டும் தூவிப் பொன்னிறமாகச் சுட்டுத் தருகிறார்கள். அதற்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

மியாசாகிக்காரன்: ராமென் பற்றிப் பேசினாலும் நாகோயா, கோழி பற்றிப் பேசினாலும் நாகோயா. போன வருடமே பார்த்துவிட்டோம். கசந்தது உங்கள் நாக்கு. கறி கருகவில்லை.

தணல்: இருவரும் எந்தக் கோழியைச் சொல்கிறீர்கள்? ஜப்பான் அரசின் ஜாஸ் தரப்படி ஜிதோரி (நாட்டுக்கோழி) என்றால் நாட்டு இன ரத்தம் பாதியாவது இருக்க வேண்டும், 75 நாளாவது வளர்க்க வேண்டும், 28 நாள் ஆன பிறகு தரையில் நடமாட விட வேண்டும். மியாசாகியில் முட்டையிட்டு ஓய்ந்த ஓயாதோரியையும் இதே மாதிரிதான் சுடுகிறார்கள். தட்டில் வந்தது எது என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீரும்.

நாகோயாவாசி: எந்தக் கோழியானாலும் கருகினால் கருகல்தான்.

மியாசாகிக்காரன்: கருகவில்லை! அப்புறம், எங்கள் மியாசாகி நாட்டுக்கோழியான ஜிதொக்கோ என்றால் சும்மா இல்லை. அந்தக் காலத்தில் ஊரை ஆண்ட ஜிதோவுக்குக் காணிக்கையாகக் கொடுத்த கோழி என்பதால் வந்த பெயர். 1943-இல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். இன்று மியாசாகி ஜிதொக்கோவைச் சேவல் என்றால் 120 நாள், பெட்டை என்றால் 150 நாள் வளர்க்கிறார்கள், ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கோழிதான். அவ்வளவு பாடுபட்டு வளர்த்ததைக் கருக்கி விற்க அவர்களுக்கு என்ன பைத்தியமா?

நாகோயாவாசி: 1943 ஒரு பெருமையா? நாகோயா கொச்சினை 1905-இலேயே இனமாக அங்கீகரித்துவிட்டார்கள். அதோடு, நினைவுச் சின்னமான கோழியா உங்கள் தட்டில் வருகிறது? பிளைமவுத் ராக் என்ற அமெரிக்க இனத்தோடு கலந்து உருவாக்கிய கலப்புக் கோழி.

மியாசாகிக்காரன்: உங்கள் கொச்சினில் மட்டும் சீனக் கோழி ரத்தம் இல்லையா? கொச்சின் என்பதே சீனாவிலிருந்து வந்த கோழி இனத்தின் பெயர்தானே.

புதுவரவு: நான் போன வாரம்தான் முதல் தடவையாகச் சாப்பிட்டேன். எனக்கு மிகவும் பிடித்தது. கடிக்கக் கடிக்கச் சுவை ஊறுகிறது, ஊரில் மஞ்சள் தடவித் தீயில் வாட்டிய நாட்டுக்கோழி ஞாபகம் வந்தது. தொட்டுக்கொள்ளப் பச்சை நிறத்தில் ஒரு யூஸு மிளகு விழுது (யூஸு எலுமிச்சை மாதிரி ஒரு பழம்) தந்தார்கள், அருமை.

மியாசாகிக்காரன்: தங்கச்சி, அந்த விழுதின் பெயர் யூஸு கோஷோ. அதில் மிளகே கிடையாது. பச்சை மிளகாய், யூஸு தோல், உப்பு, அவ்வளவுதான். மியாசாகி இருக்கும் கியூஷு தீவில் மிளகாயையும் கோஷோ என்பார்கள்.

நாகோயாவாசி: கோஷோ என்றால் மிளகு. எந்த அகராதியிலும் பாருங்கள்.

மியாசாகிக்காரன்: அகராதியைத் தொட்டுக்கொண்டா கோழி சாப்பிடுகிறீர்கள்? புட்டியின் பின்னால் ஒட்டியிருப்பதைப் படியுங்கள்.

தணல்: மிளகு இல்லை என்பது சரி. ஆனால் ஓயாதோரியா ஜிதோரியா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புதுவரவு: எனக்கும் ஒரு கேள்வி. கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வைத்து 400 யென் போட்டார்களே, அது எதற்கு?

நாகோயாவாசி: அது ஒதோஷி. உட்கார்ந்ததற்கே காசு. அதையும் மியாசாகிக்காரர் புகை என்பார்.

மியாசாகிக்காரன்: ஒதோஷி ஜப்பான் முழுக்க உண்டு, நாகோயாவிலும் உண்டு. பேச்சை மாற்றாதீர்கள். கருகலைக் கிள்ளினால் பொலபொலவென்று உதிரும். இது உதிராது, எண்ணெயோடு விரலில் ஒட்டும். இதைக்கூடப் பார்க்காமல் ஒரு ஊர்ச் சாப்பாட்டையே குறை சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நாகோயாவாசி: காசு கொடுத்துக் கசப்பைச் சாப்பிட்டவன் நான். இதோ படம். இது கருகல் இல்லையா?

மியாசாகிக்காரன்: வெளிப்பக்கத்தைக் காட்டுகிறீர்கள். உள்ளே வெட்டிப் பார்த்தீர்களா என்றுதான் முதலிலிருந்து கேட்கிறேன்.

நாகோயாவாசி: வெளியே கருகினால் உள்ளே எதற்கு வெட்ட வேண்டும்?