மாட்ரிட்டா, கடனா? (எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில்)

நித்யா: பெரியப்பா, நேர்முகத் தேர்வுக்குக் குறிப்பு எழுதுகிறேன். 1992-ல் இந்தியா இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு வைத்ததற்குக் காரணம், சோவியத் யூனியன் உடைந்தது. வேறு என்ன சேர்க்கலாம்?

பெரியப்பா: மாட்ரிட் மாநாடு, அதாவது இஸ்ரேல்-அரபு அமைதிப் பேச்சு. 1991 அக்டோபர் 30. பாலஸ்தீனர்கள் ஜோர்டான் குழுவோடு சேர்ந்து இஸ்ரேலுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவர்களே பேசத் தொடங்கிவிட்டார்கள், டெல்லி மட்டும் எத்தனை நாள் முறைத்துக்கொண்டு நிற்கும்?

சித்தப்பா: அண்ணே, அதெல்லாம் சாக்கு. 91-ல் தங்கத்தை அடகு வைத்த நாடு நாம். கடன் கிடைக்க அமெரிக்காவின் தயவு தேவைப்பட்டது. ஜனவரி 31 நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் உச்சி மாநாடு, பிரதமர் நரசிம்ம ராவ் போகிறார். 29-ஆம் தேதி இங்கே அறிவிப்பு. தேதியே சொல்கிறதே!

சித்தி: நடுவில் ஒன்று. சனிக்கிழமை வளைகாப்புக்கு வேன் காலை ஆறரைக்கு. யாரும் லேட் பண்ணாதீர்கள்.

பெரியப்பா: சரிம்மா. தம்பி, தேதி பார்ப்பதென்றால் முழுசாகப் பார். இஸ்ரேலை 1950-லேயே அங்கீகரித்தோம். ஆனால் நாற்பது வருஷம் பம்பாயில் இஸ்ரேலின் ஒரு கான்சல் அலுவலகத்தோடு சரி, தூதரகம் கிடையாது. 82-ல் அங்கிருந்த கான்சல் பத்திரிகைப் பேட்டியில் நம் கொள்கையைக் குறை சொன்னார் என்று மூட்டை கட்டி அனுப்பினார்கள். சியோனிசம், அதாவது யூதர்களுக்குத் தனி நாடு என்ற கொள்கை, இனவாதம் என்ற ஐ.நா. தீர்மானத்தை 1975-ல் ஆதரித்த அதே இந்தியா, மாட்ரிட் முடிந்த கையோடு, 1991 டிசம்பர் 16 அன்று, அதை ரத்து செய்ய வாக்களித்தது.

நித்யா: பாலஸ்தீனத் தலைவர் அராபத் கோபப்படவில்லையா?

பெரியப்பா: அறிவிப்புக்குச் சில நாள் முன்புதான் டெல்லி வந்திருந்தார். தூதர் வைத்துக்கொள்வது உங்கள் இறையாண்மை, உங்கள் முடிவை மதிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்புறம் உள்ளூரில் யார் ராவைப் பிடித்து நிறுத்துவது? சீனாகூட 24-ஆம் தேதியே உறவு வைத்துவிட்டது.

சித்தப்பா: சரி, ஒரு கேள்வி. அமைதிப் பேச்சுக்காக வந்த உறவு என்றால், பேச்சு முறிந்தபோது அதுவும் ஆறிப்போயிருக்க வேண்டுமே? 2000-ல் கேம்ப் டேவிட் பேச்சு தோற்றது, இன்டிஃபாதா என்ற பாலஸ்தீனர் எழுச்சி வெடித்தது. 2003-ல் இஸ்ரேல் பிரதமர் ஷரோன் டெல்லிக்கே வந்தார்!

பெரியப்பா: அதே 2003-லதான் பாலஸ்தீனர்களுக்காகக் காசாவில் 96-ல் திறந்த நம் பிரதிநிதி அலுவலகத்தை, அவர்களுடைய இன்னொரு ஊரான ரமல்லாவுக்கு மாற்றினோம், மூடவில்லை. 88-ல் பாலஸ்தீனத்துக்குக் கொடுத்த அங்கீகாரத்தையும் திரும்பப் பெறவில்லை.

சித்தப்பா: அலுவலகம் இருந்தது, சரி. ஆயுதம் யாரிடம் வாங்கினோம்?

நித்யா: சித்தப்பா, இதையேதான் அந்த நேர்முகத் தேர்வு போர்டில் கேட்பார்கள். இரண்டு பேரும் சனிக்கிழமை வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருங்கள், நான் நோட்டோடு வருகிறேன்.

சித்தி: வேனில் வேண்டாம். எனக்குத் தலை சுற்றும்.