திக்குவாய்ப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம்: ஐந்து நாளில் என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:
வணக்கம். மே மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஐந்து நாள் பகல் முகாம் நடத்தப் போகிறோம். 11 முதல் 16 வயதுக்குள் 15 பிள்ளைகள். ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் மூன்று நாள் வருகிறார். பாட்டு, கூட்டு வாசிப்பு, கடைசி நாள் பேச்சுப்போட்டி என்று நிரல் போட்டிருக்கிறோம். பெற்றோர் கேட்பது இரண்டு: அஞ்சு நாளில் திக்கல் நின்றுவிடுமா? மற்ற பிள்ளைகளோடு இருந்தால் ஒட்டிக்கொள்ளுமா? நிரலில் எதை மாற்றணும்?

புதுவை பேச்சுப்பயிற்சி:
நிற்காது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள் சார். பாடும்போதும் பலர் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் அநேகமாக யாருக்குமே திக்காது. அதனால் உங்கள் நிரலைப் பார்க்கிற பெற்றோர் மூன்றாம் நாளே குணமாகிவிட்டது என்று நம்பிவிடுவார்கள். ஜூனில் பள்ளி திறந்து, வருகைப் பதிவில் 'உள்ளேன் ஐயா' தொண்டையிலேயே நிற்கும்போது, 'நான்தான் பயிற்சி செய்யலை' என்று பிள்ளை தன்மேலேயே பழி போட்டுக்கொள்ளும். இந்தக் கெடுதல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாட்டு இருக்கட்டும், சந்தோஷத்துக்கு. பேச்சுப்போட்டியை எடுத்துவிடுங்கள்.

ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. மரபணுவும், மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதமும்தான் இதற்கு அடிப்படை. பார்த்துப் பழகி வருவதில்லை. ஆனால் முகாமில் திக்கல் அதிகமாகக் காதில் விழலாம். இதுவரை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளை வாயைத் திறக்கிறதே, அதனால். பெற்றோரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவையுங்கள்.

முதல் நாள் 'உன் பேர் சொல்லு' என்று வட்டமாகச் சுற்றி வரவே வேண்டாம். தன் பெயர்தான் பலருக்கு மிகக் கஷ்டமான சொல். மற்ற சொல்லை மாற்றிப் போட்டுத் தப்பிக்கலாம், பெயரை மாற்ற முடியாது. தன் முறை வருவதற்குள் வியர்த்துவிடும். இரண்டிரண்டு பேராக ஏதாவது வரையவிட்டு, மாலையில் விரும்புகிறவர்கள் பெயர் சொல்லட்டும்.

இரண்டாம் நாள், தெரபிஸ்ட் இருக்கும்போது, சொல் வராமல் அடைக்கிறதே, அந்த அடைப்பு வாயில் எங்கே என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 'பஸ்' என்று தொடங்கினால் உதடு ஒட்டிக்கொண்டு நிற்கும். உடனே விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் பழக்கம். அது அடைப்பை இன்னும் இறுக்கும். ஒட்டிய உதட்டை அப்படியே வைத்து, இறுக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, வழுக்கிக்கொண்டு சொல்லுக்குள் போகணும். 'உள்ளேன்' மாதிரி உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு, லேசாக மூச்சு வெளியே போனபிறகு குரல் மெதுவாகச் சேரட்டும். வேண்டுமென்றே 'த-த-தண்ணி' என்று திக்கிப் பார்ப்பதும் அன்றைக்கே. பயத்தைக் குறைப்பதில் அதற்கு நல்ல பலன் உண்டு, ஆனால் கட்டாயப்படுத்தினால் அவமானமாகத்தான் போகும்.

'மூச்சை இழுத்துட்டு மெதுவா பேசு', பாதியிலேயே சொல்லை எடுத்துக்கொடுப்பது, ஸ்டாப்வாட்ச் வைத்த விளையாட்டு: தன்னார்வலர்கள் இந்த மூன்றையும் செய்யக் கூடாது.

சில்வர்பீச் வாத்தியார்:
பள்ளிப் பக்கத்திலிருந்து ஒன்று. கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வகுப்பாசிரியருக்கு அரைப்பக்கக் கடிதம் எழுதட்டும்: எனக்குத் திக்கும், முடிக்கும்வரை காத்திருங்கள், வாசிக்க வரிசையாகக் கூப்பிடுவதைவிட நான் கை தூக்கும்போது கூப்பிடுங்கள், வருகைக்குக் கையைத் தூக்கலாமா. பிள்ளை தானே கொண்டுபோய்க் கொடுக்கணும். பெற்றோர் கொடுத்தால் சலுகை கேட்பது போல ஆகிவிடுகிறது. ஜூன் முதல் வாரத்துக்குள் போய்ச் சேரணும். அப்புறம் பல ஆசிரியர்கள் 'இவன் படிக்கலை' என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி. நான்காம் நாள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கடைகளில் பேசவைக்கலாம் என்று யோசனை. ஒரு அம்மா நாக்கில் வசம்பு தேய்ப்பதாகவும், வாயில் கூழாங்கல் போட்டுப் பேசவைப்பதாகவும் சொல்கிறார், அவருக்கு என்ன சொல்ல?

புதுவை பேச்சுப்பயிற்சி:
கூழாங்கல் மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். வசம்பால் திக்கல் போகாது. அவரைக் குறை சொல்லாமல், பெற்றோருக்கென்று தனியாக இரண்டு மணி நேரம் வைத்து விளக்குங்கள். வராத அப்பாக்களையும் வரவழையுங்கள்.

கடற்கரைக்கு மாலை 5 மணிக்கு மேல் போங்கள், கத்திரி வெயில். ஆனால் நேரே கடைக்குப் போகவேண்டாம். பிள்ளைகள் தங்கள் பயத்துக்கு 0 முதல் 10 வரை தாங்களே மதிப்பெண் போடட்டும். தெரிந்த தன்னார்வலரிடம் மணி கேட்பது 2, சுண்டல் விலை கேட்பது 4, போனில் ஒரு கடைக்குப் பேசுவது 8 என்று ஆளுக்கு ஆள் மாறும். 3, 4 மதிப்பெண் வேலையில் தொடங்கி, பயம் பாதியாகக் குறையும்வரை அதையே திரும்பச் செய்து, பிறகு மேலே போகணும். 8-இல் தொடங்கினால் மறுநாள் முகாமுக்கே வராது. ஒரு பிள்ளையோடு ஒரு தன்னார்வலர், இரண்டடி தள்ளி, வாய் திறக்காமல். திக்காமல் பேசினதற்குப் பாராட்டாதீர்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பியதற்குப் பாராட்டுங்கள்.

பஸ் டிக்கெட்டையும் பட்டியலில் சேருங்கள். 'பாண்டி'யில் அடைக்கிற பையன் 'புதுச்சேரி' என்பான். இரண்டிலும் அடைத்தால் ரூபாயை நீட்டிவிட்டுச் சும்மா நிற்பான். கண்டக்டர் அவசரத்தில் இருப்பார், அதனால் இது பலருக்கு 9 அல்லது 10. முகாமில் முடியாவிட்டால் பரவாயில்லை, ஜூலைக்கு வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு ஞாயிறு அதே மண்டபத்தில் கூடுவதற்கு இப்போதே தேதி போட்டு, முகாம் அழைப்பிலேயே அச்சடியுங்கள். தொடர்ந்து தெரபி தேவைப்படுகிறவர்கள் யாரிடம் போனாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஸ்பீச் தெரபிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பதிவு எண்ணைக் கேட்டுவிட்டுச் சேரட்டும்.