எடை மேடை எடை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரவில்லை, அவசரம்

கலவை_ரோடு_மில் · காலை 9.40
வணக்கம். ஆற்காடு பக்கம் அரிசி ஆலை. கேட்டில் இருக்கும் எடை மேடையின் எடை நேராக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வரவேண்டும் என்று முதலாளி சொன்னதால், சீரியல் கேபிளில் வருவதை நெட்வொர்க்கில் அனுப்பும் டப்பா ஒன்று வாங்கி மாட்டினேன். பிங் போகிறது, அதாவது கம்ப்யூட்டர் கூப்பிட்டால் டப்பா பதில் தருகிறது. டப்பாவின் வெப் பேஜும் திறக்கிறது. பில் போடும் சாப்ட்வேரில் மட்டும் எடை வரவில்லை. செட்டிங் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சொர்ணவாரி நெல் வர ஆரம்பித்துவிட்டது, வெளியே லாரிகள் நிற்கின்றன. சீக்கிரம் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை_பிஎல்சி · காலை 9.52
போர்ட் நம்பரை 502 ஆக்குங்கள். மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) அதில்தான் வரும். இங்கே சிப்காட்டில் ஃப்ளோ மீட்டருக்கு எல்லாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

பாலாறு77 · காலை 10.05
பிஎல்சி சார், இண்டிகேட்டர் (எடை காட்டும் பெட்டி) மோட்பஸ் பேசுகிறது என்று அவர் சொல்லவே இல்லையே. எடை மேடை இண்டிகேட்டர்களில் பல, யாரும் கேட்காமலே எடையை வரிவரியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு 502 வைத்தாலும் ஒன்றுதான், 4001 வைத்தாலும் ஒன்றுதான்.
கலவை ரோடு, கொஞ்சம் விவரம் வேண்டும். இண்டிகேட்டரில் இருந்து வருவது எந்த வகை சீரியல், ஆர்எஸ்-232 ஆ, 485 ஆ? டப்பா எந்த மோடில் இருக்கிறது, டிசிபி சர்வரா (இணைப்புக்குக் காத்திருப்பது), கிளையன்ட்டா (தானே போய் இணைவது), டிரைவர் போட்டு கம்ப்யூட்டரில் காம் போர்ட் (சீரியல் வாசல்) உருவாக்கினீர்களா? கேட் ரூமில் இருந்த பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறதா?

பழைய_போர்ட் (மூத்த உறுப்பினர்) · காலை 10.11
"செட்டிங் எல்லாம் சரி" என்று எழுதுபவர்களுக்குப் பதில் சொல்லியே என் தலை நரைத்துவிட்டது. சரியாக இருந்தால் ஏன் தம்பி இங்கே வந்தீர்கள்? கேபிளில் 2-ம் பின்னும் 3-ம் பின்னும் (அனுப்பும் முனையும் வாங்கும் முனையும்) மாறியிருக்கும். கிராஸ் கேபிள் போடுங்கள். சீரியல் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு டப்பா வாங்கியிருக்கலாம்.

கலவை_ரோடு_மில் · காலை 10.30
232. டிசிபி சர்வர். டிரைவர் போட்டு காம் 5 வந்திருக்கிறது. கேட் கம்ப்யூட்டரும் அந்த டப்பாவில்தான் இருந்தது, இப்போது அணைத்துவிட்டேன். அதன் பிறகு "கனெக்டட்" என்று காட்டுகிறது, ஆனால் எடை இல்லை.

பழைய_போர்ட் (மூத்த உறுப்பினர்) · காலை 10.34
அதுவே பாதிப் பிரச்சினை. இந்த மாதிரி டப்பாக்களில் பல, ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் ஏற்கும். கேட்டில் ஒருவர் பிடித்துக்கொண்டால் ஆபீஸுக்குக் கதவு சாத்தித்தான் இருக்கும். மீதிப் பாதி, நான் சொன்ன கேபிள்.

சத்துவாச்சாரி_சர்வீஸ் · காலை 10.48
கேட்டுக்கும் ஆபீஸுக்கும் எவ்வளவு தூரம்? 485 கன்வெர்ட்டர் ரெண்டு போட்டால் 1200 மீட்டர் வரை போகும். ஐபி, பிங் என்று இந்தத் தலைவலியே வேண்டாம்.

பாலாறு77 · காலை 10.55
கலவை ரோடு, பில் சாப்ட்வேரை மூடிவிட்டு புட்டி (PuTTY, வருவதை அப்படியே காட்டும் சாப்ட்வேர்) திறங்கள். "ரா" என்று தேர்ந்தெடுத்து டப்பாவின் ஐபியும் போர்ட்டும் கொடுங்கள். என்ன ஓடுகிறது என்று அப்படியே சொல்லுங்கள். காலி லாரிக்கு ஒரு முறை, லோடு லாரிக்கு ஒரு முறை.

ராணிப்பேட்டை_பிஎல்சி · காலை 11.02
485 போட்டால் இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு. ஐப்பசி மழையில் ஒரு இடி இடித்தால் வயர் வழியாகவே உள்ளே வரும். எங்கள் பக்கத்து ஷெட்டில் இரண்டு பக்கமும் கன்வெர்ட்டர் கருகியதைப் பார்த்திருக்கிறேன். ஈதர்நெட் போர்ட்டுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அந்த அளவுக்குப் பயமில்லை.

சத்துவாச்சாரி_சர்வீஸ் · காலை 11.10
ஐசோலேட்டட் கன்வெர்ட்டர் (இரண்டு பக்க மின்சாரத்தையும் பிரித்துவைப்பது) என்று ஒன்று கடையில் விற்கிறதே சார், பார்த்ததில்லையா? இடி நேராக விழுந்தால் உங்கள் ஈதர்நெட்டும் போகும்.

ராணிப்பேட்டை_பிஎல்சி · காலை 11.13
அப்படியானால் ஃபைபர் போடுங்கள், பேச்சே இல்லை.

திமிரி_நெல் · காலை 11.20
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஆபீஸில் உட்கார்ந்து எடை போட்டால் பின் சக்கரம் மேடை மேல் இருக்கிறதா இல்லையா என்று யார் பார்ப்பது? நெல் கொண்டுவருகிறவர்களுக்கு அதுதான் பயம். ஒரு சக்கரம் வெளியே இருந்தால் மூட்டைக் கணக்கு என்ன ஆகும்?

சத்துவாச்சாரி_சர்வீஸ் · காலை 11.26
கேமரா வைத்துக்கொள்ளலாம் அண்ணா. அதுவும் இதே நெட்வொர்க்கில் ஓடும்.

கலவை_ரோடு_மில் · காலை 11.41
புட்டியில் வருகிறது! காலி லாரி 5390 என்று சரியாகக் காட்டுகிறது. லோடு லாரி இண்டிகேட்டரில் 18240. ஆனால் புட்டியில் கட்டம் கட்டமாக வந்து கடைசியில் 0 மட்டும் தெரிகிறது. லோடு செல் (மேடைக்கு அடியில் பாரத்தை அளக்கும் சென்சார்) போய்விட்டதா? டப்பாவில் வேகம் 2400தான் போட்டிருக்கிறேன், இண்டிகேட்டர் ஸ்டிக்கரிலும் 2400தான்.

சத்துவாச்சாரி_சர்வீஸ் · காலை 11.44
லோடு ஏறினால் மட்டும் குழம்புகிறது என்றால் லோடு செல் அல்லது ஜங்ஷன் பாக்ஸ்தான். ஈரம் இறங்கியிருக்கும். இண்டிகேட்டரையும் திறந்து பாருங்கள்.

பழைய_போர்ட் (மூத்த உறுப்பினர்) · காலை 11.47
திறக்கச் சொல்லாதீர்கள்! அதில் அரசு முத்திரை இருக்கும். சீல் உடைந்தால் மறுபடி முத்திரை வைக்கும் வரை மேடையை ஓட்ட முடியாது. இண்டிகேட்டர் முகப்பில் 18240 சரியாகத் தெரியும்போது லோடு செல்லை ஏன் இழுக்கிறீர்கள்?

பாலாறு77 · காலை 11.58
லோடு செல்லும் இல்லை, கேபிளும் இல்லை. பின் மாறியிருந்தால் ஒரு எழுத்துகூட வந்திருக்காது. டப்பாவில் டேட்டா பிட் 8, பேரிட்டி நன் (இல்லை) என்று இருக்கிறதா? இண்டிகேட்டர் 7 பிட், ஈவன் பேரிட்டியில் அனுப்புகிறது. பேரிட்டி என்பது பிழை பார்க்க ஒவ்வொரு எழுத்தோடும் சேர்க்கும் ஒரு பிட். ஈவன் என்றால் அது 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படை ஆக்கும்.
எப்படித் தெரிகிறது என்றால், 0, 3, 5, 6, 9 ஆகிய எண்களின் ஆஸ்கி குறியீட்டில் (எழுத்தைக் குறிக்கும் 0, 1 வரிசை) 1-கள் இரட்டைப்படை. பேரிட்டி பிட் 0 ஆக வருவதால் எட்டு பிட்டாகப் படித்தாலும் அதே எண்தான். 1, 2, 4, 7, 8 ஆகியவற்றில் ஒற்றைப்படை. அங்கே பேரிட்டி பிட் 1 ஆகி எட்டாவது பிட்டில் உட்கார்ந்துகொள்ளும், எழுத்தே மாறிவிடும். 5390 தப்பிக்கிறது, 18240 இல் 0 மட்டும் தப்பிக்கிறது. லாரி பாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
இரண்டு முறையிலும் ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து மொத்தம் 10 பிட்தான் என்பதால் டப்பா எந்தப் பிழையும் காட்டாது.
வரி முடிவுக்கு வரும், 13 என்ற குறியீட்டு எண் கொண்ட எழுத்திலும் ஒற்றைப்படைதான், அது 141 ஆகிவிடும். சாப்ட்வேர் 13 க்காகக் காத்திருந்தால், காலி லாரிக்குக்கூட எடை காட்டாது.

ராணிப்பேட்டை_பிஎல்சி · மதியம் 12.06
டப்பா வருவதற்கு முன் கேட் கம்ப்யூட்டரில் நேராகச் சொருகியபோது மட்டும் எப்படி வேலை செய்தது? சாப்ட்வேர் அதேதானே?

பாலாறு77 · மதியம் 12.15
நேராக இருந்தபோது சாப்ட்வேரே காம் போர்ட்டை 2400, ஈவன், 7, 1 என்று திறந்துகொண்டது. இப்போது சீரியல் முனை டப்பாவிடம் இருக்கிறது. வெறும் டிசிபியில் அந்த செட்டிங் டப்பா வரை போகாது. ஆர்எஃப்சி 2217 (சீரியல் செட்டிங்கையும் நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) மாதிரி ஒன்றை டிரைவரும் டப்பாவும் இரண்டுமே பேசினால்தான் போகும். இல்லையென்றால் வெப் பேஜில் நாமே மாற்ற வேண்டும்.

கலவை_ரோடு_மில் · மதியம் 12.38
7, ஈவன் போட்டேன். சாப்ட்வேரிலேயே வந்துவிட்டது. நன்றி அண்ணா.

பாலாறு77 · மதியம் 12.44
மகிழ்ச்சி. சேவ் செய்து டப்பாவை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள், கரண்ட் போனால் பழைய செட்டிங்குக்குப் போய்விடக் கூடாது. ஐபியையும் நிலையாக வைத்துவிடுங்கள். ஒரு சந்தேகம்: எடை முழுதாக வருகிறதா, நடுநடுவே 240 என்று துண்டாக வருகிறதா? துண்டானால் வரி முடிவு எழுத்தைக் கண்ட பிறகு அனுப்பும்படி டப்பாவின் பேக்கிங்கை (எழுத்துகளைச் சேர்த்து அனுப்பும் செட்டிங்கை) மாற்ற வேண்டும்.

சத்துவாச்சாரி_சர்வீஸ் · மாலை 4.20
ஆள் லாரி இறக்கப் போயிருப்பார்.

வாலாஜா_கல்குவாரி · இரவு 8.15
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் 18240 என்பது 04281 என்று வருகிறது. 7 ஈவன் போட்டுப் பார்த்தேன், மாறவில்லை.

பழைய_போர்ட் (மூத்த உறுப்பினர்) · இரவு 8.31
இதே பிரச்சினை இல்லை. எழுத்து சரியாக வருகிறது, வரிசைதான் தலைகீழ். சில இண்டிகேட்டர்கள் கடைசி இலக்கத்தை முதலில் அனுப்பும். இண்டிகேட்டர் மெனுவில் அனுப்பும் முறையை மாற்றுங்கள், இல்லையென்றால் சாப்ட்வேர் எழுதியவரிடம் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். மேலும் கேட்பதென்றால் தனி இழையில் கேளுங்கள், மாடல் நம்பரோடு.