ஏற்காட்டில் சின்ன மிஷன் பள்ளி, மூன்று வகுப்பும் ஒரே ஹால்: வாரத்தை எப்படிப் பிரிப்பது?

அம்மாப்பேட்டைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சி முடித்து சேலத்திலேயே ஒரு நர்சரி பள்ளியில் வேலை பார்த்தேன். இப்போது ஏற்காட்டில், டவுனைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தில், சர்ச் நடத்தும் உதவி பெறும் தொடக்கப்பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. அரசுச் சம்பளம் இல்லை, மேனேஜ்மென்ட் சம்பளம்தான். ஜூனில் சேர வேண்டும்.

ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மொத்தப் பிள்ளைகளே ஐம்பதைத் தொடாது. ஒன்றும் இரண்டும் ஹெச்.எம். பார்த்துக்கொள்கிறார். மூன்று, நான்கு, ஐந்து எனக்கு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஹால், நடுவில் ஒரு தட்டிகூட இல்லை. கரும்பலகையும் ஒன்றுதான். நான் இதுவரை பார்த்த பள்ளியில் ஒரு வகுப்பிலேயே நாற்பது பேர் இருப்பார்கள், ஆனால் எல்லாரும் ஒரே பாடம்.

டைம்டேபிள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஜெபம், ஒரு பாட்டு, அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி. புதன்கிழமை முதல் பீரியட் நீதிபோதனை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்கு 'செயல்பாடு' என்று மட்டும் போட்டிருக்கிறது. என்ன செயல்பாடு என்று ஹெச்.எம்.மிடம் கேட்டால் 'உங்க இஷ்டம்மா' என்கிறார்.

மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை எப்படி ஓட்டுவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் இந்து. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு எங்களுடையது. நீதிபோதனையை நானே எடுக்க வேண்டும் என்கிறார்கள். 'பைபிள் கதை ஒண்ணு சொன்னாப் போதும்' என்றார் ஹெச்.எம். எனக்கு அதில் ஒரு கதையும் முழுசாகத் தெரியாது. எடுக்கலாமா?

---

மிளகுக்கொடி:

கண்ணு, அந்த டைம்டேபிளை மடித்து மேசை டிராயரில் வைத்துக்கொள். ஆய்வுக்கு யாராவது வந்தால் எடுத்துக் காட்டலாம். நான் மலையில் இதே மாதிரி ஒரு மிஷன் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவள். அந்தத் தாளைப் போட்டவர்கள் கீழே உட்கார்ந்து போட்டிருப்பார்கள்.

மேலே பொழுது என்றால் காலைப் பொழுதுதான். ஜூன் தொடங்கி டிசம்பர் வரைக்கும் பாதி நாள் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். பின்வரிசைப் பிள்ளைக்குப் போர்டு தெரியாது. கரண்டும் அந்த நேரம் பார்த்துத்தான் போகும். சுண்ணாம்புக்கட்டி ஈரம் வாங்கிப் போர்டில் எழுத்தே விழாது. அதனால் கண்ணுக்கும் கைக்கும் வேலை வைக்கிற பாடம் எல்லாம், வாசிப்பு, எழுத்து, கணக்கு, மதியச் சோற்றுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். சோற்றுக்கு அப்புறம் காதுக்கும் வாய்க்கும் உள்ள வேலை: கதை, பாட்டு, வாய்ப்பாடு, விடுகதை. உன் தாளில் தினமும் கடைசி பீரியட் கணக்கு என்று இருந்தால் அதைத் தூக்கி முன்னால் போடு.

முன்பெல்லாம் இந்தக் காலை நேரமும் முழுசாகக் கிடைக்காது. லைன் வீட்டுப் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளைகளின் அம்மாக்கள் ஏழு மணிக்கே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளை ஒரு டம்ளர் கடுங்காப்பியோடு வரும், பத்து மணிக்கே தலை தொங்கிவிடும். 2024 ஜூலை 15 முதல் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு கொடுக்கிறார்களே, அதற்கப்புறம் முதல் இரண்டு பீரியட் தெம்பாகப் போகிறது என்று என் பழைய பள்ளியில் சொல்கிறார்கள். புதன்கிழமை பொங்கல். வருகைப் பதிவேட்டில் புதன்கிழமைக் கட்டத்தை மட்டும் பார், உனக்கே தெரியும்.

சரி, மூன்று வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பை மற, நிலையைப் பார். 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கச் சொன்னார்கள். பெரிய பள்ளிக்காரர்களுக்கு அது புதுசு. சின்னப் பள்ளிக்காரர்கள் நாங்கள் பேர் வைக்காமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஐந்தாவது படிக்கிற பையன் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான், மூன்றாவது பெண் கடகடவென்று போவாள். இரண்டு பேருக்கும் அவரவர் புத்தகத்தையே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் வீண். ஆனால் ஒன்று. பெரிய பையனைச் சின்னதுகளோடு உட்கார வைத்தால் ரோஷம் வரும், மறுநாள் வரமாட்டான். அவனுக்கு அந்தக் குழுவில் ஒரு பதவி கொடு. அட்டையை எடுத்துக் கொடுப்பது, பேரைக் கூப்பிடுவது, யார் வாசித்தார்கள் என்று டிக் போடுவது. டிக் போடுவதற்காகவே அவன் ஒவ்வொரு சொல்லையும் கூட ஓடி வாசிப்பான்.

திங்கட்கிழமை புதுப்பாடம் எடுக்காதே. ஞாயிறு டவுனுக்குப் போய்விட்டு வந்த களைப்பில் இருப்பார்கள், நாலைந்து பேர் வரவும் மாட்டார்கள். 'நேத்து என்ன நடந்துச்சு' என்று வட்டமாக உட்கார வைத்துக் கேள். மூன்றாவது வாயால் சொல்லட்டும், நான்காவது அதை இரண்டு வரியாக எழுதட்டும், ஐந்தாவது அரைப்பக்கம். காட்டெருமை தோட்டத்துக்குள் வந்தது, மாமாவுக்குப் பொண்ணு பார்த்தது, சித்தி வீட்டில் கோழி அடித்தது, எல்லாம் வரும். அந்த வாரத் தமிழ்ப் பாடத்துக்குத் தேவையான சொல் பாதி அதிலேயே கிடைத்துவிடும். செவ்வாயும் வியாழனும்தான் உனக்கு முழுசாகப் பாடம் நடத்தக் கிடைக்கிற நாள். கனமானதை எல்லாம் அங்கே வை.

டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழம் பறிப்பு. அப்போது வாரக் கணக்கே வேறு. பெரிய பிள்ளைகள் தங்கச்சி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும். அதட்டினால் வராது. நான் அந்த மாதத்தில் பெருக்கல் கணக்கை எடுத்துக்கொள்வேன். அம்மா எத்தனை கிலோ பறித்தாள், கிலோவுக்கு என்ன கூலி, மொத்தம் எவ்வளவு. ஒருமுறை நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டில் இதையே போட்டுப் பார்த்திருக்கிறாள். மேஸ்திரி நோட்டில் எழுதியிருந்ததற்கும் அவள் கணக்குக்கும் ஒத்துவரவில்லை. அம்மா மறுநாள் காலையில் சிலேட்டோடு பள்ளிக்கே வந்துவிட்டாள், 'டீச்சர், இது சரியானு பாருங்க' என்று. சரியாகத்தான் இருந்தது. மேஸ்திரிக்கு என் மேல் கொஞ்ச நாள் வருத்தம். அந்தப் பெண் அதற்கப்புறம் ஒருநாள்கூட லீவு போடவில்லை, அம்மாவே விரட்டி அனுப்பிவிடுவாள்.

வெள்ளி மத்தியானம் பற்றிக் கேட்டாயே. பல சின்னப் பள்ளிகளில் அந்த ஹாலேதான் ஞாயிறு ஆராதனைக்கும். உன்னுடையதும் அப்படித்தான் என்றால் முதல் அரைமணி கூட்டிப் பெருக்கி, பெஞ்சை மாற்றிப் போடுவதிலேயே போகும். அதைப் பிள்ளைகள் தலையில் கட்டாதே, நீயும் ஒரு துடைப்பம் எடு. மிச்ச நேரத்துக்குச் செலவில்லாத வேலை நிறைய இருக்கிறது. சில்வர் ஓக் இலையை நோட்டுக்குள் வைத்து அழுத்தி உலர்த்துவது. பள்ளிச் சுவரோரம் ஒரு மிளகுக்கொடியை நட்டு, மாதத்தில் ஒரு வெள்ளி ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவது (இந்தப் பேர் எனக்கு அதில் வந்ததுதான்). மார்ச், ஏப்ரலில் மழை பெய்து காப்பி பூத்தால் அன்றைக்கு ஒரு பாடமும் ஓடாது. வெளியே கூட்டிப் போய்விடு.

நீதிபோதனை பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், அப்புறம் வருகிறேன்.

---

செவ்வாய்ப்பேட்டை சார்:

நான் சேலத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் இருக்கிறேன். எங்களிடம் அந்த பீரியடில் இரண்டு வகுப்பு நடக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. உங்கள் பள்ளியில் இரண்டாகப் பிரிக்க ஆளே இல்லை, அதுதான் சிக்கல்.

சட்டம் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் மேடம். அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. அரசு அங்கீகாரமோ அரசுப் பணமோ பெறுகிற பள்ளியில் மத போதனையிலும் வழிபாட்டிலும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. படிப்பவர் சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். சேர்க்கைப் படிவத்திலேயே அதற்கு ஒரு வரி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. உங்கள் ஹெச்.எம்.மிடம் அப்படி வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. வாங்கியிருந்தால் உங்களுக்கும் நிம்மதி.

நீங்கள் எடுக்கலாமா என்றால், கதை சொல்ல யாரும் எடுக்கலாம். ஜெபம் நடத்துவது வேறு, அதை ஹெச்.எம். செய்யட்டும் என்று முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடுங்கள். லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827இல். அன்றிலிருந்து இந்த மாவட்டத்து மிஷன் பள்ளிகளில் எல்லா மத ஆசிரியர்களும் வேலை பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். நீங்கள் முதல் ஆள் இல்லை.

---

ஜீப்பு ஓட்டுறவன்:

டீச்சரம்மா, நான் ஒரு அப்பாவாகச் சொல்கிறேன். என் ரெண்டு பிள்ளையும் மலையில் மிஷன் பள்ளியில்தான் படித்தது. நாங்கள் மலையாளி ஜனம், கேரளாக்காரர்கள் இல்லை, இந்த மலைப் பழங்குடி. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மொட்டை போட்டுவிட்டு, ஜூனில் அதே மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போய்க் கிறிஸ்தவப் பாட்டு பாடுவான் என் மகன். வீட்டில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எங்களுக்கு வேண்டியது பிள்ளை பேருந்து போர்டு வாசிக்க வேண்டும், ரேஷன் கடையில் ஏமாறக் கூடாது.

ஒரே ஒரு டீச்சர் மட்டும் 'உங்க சாமி கும்பிடக் கூடாது' என்று வகுப்பில் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஊரே பள்ளி வாசலில் நின்றது. நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள், மற்றபடி எந்தக் கதை சொன்னாலும் சரி. கதை கேட்டால் பையன் வீட்டில் வந்து அப்படியே நடித்துக் காட்டுவான். எங்களுக்கும் பொழுது போகும்.

இன்னொன்று, பெற்றோர் கூட்டத்தை வேலை நாள் மத்தியானத்தில் வைக்காதீர்கள். அரைநாள் கூலி போகும், யாரும் வரமாட்டார்கள்.

---

அம்மாப்பேட்டைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஹெச்.எம்.முக்கு போன் போட்டேன். சம்மதக் கையெழுத்து படிவத்திலேயே இருக்கிறதாம். ஜெபத்தை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், கோபப்படவில்லை.

மிளகுக்கொடி டீச்சர், முதல் புதன்கிழமைக்கு ஒரே ஒரு கதை மட்டும் சொல்லுங்களேன். மூன்று வகுப்புக்கும் பொதுவாக இருக்கிற மாதிரி.

---

மிளகுக்கொடி:

காணாமற்போன ஆடு. லூக்கா 15ஆம் அதிகாரம், நாலே வரிதான். நூறு ஆடு வைத்திருக்கிறவன் ஒன்று காணோம் என்று தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத் தேடிப் போகிறான், கிடைத்ததும் தோளில் போட்டுக்கொண்டு வந்து அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறான். மலைப் பிள்ளைகளில் ஆடு மேய்க்காத வீடு குறைவு. நீ பாதி சொல்வதற்குள் மீதியை அவர்களே சொல்வார்கள்.

நான் சொன்னபோது ஒரு பையன் கையைத் தூக்கினான். 'மிச்ச ஆட்டை யார் பார்த்துக்கிட்டாங்க டீச்சர்? எங்க தாத்தா அப்படி விட்டுட்டுப் போனா எங்க ஆயா அடிக்கும்.' எந்தச் சர்ச் ஐயர் பிரசங்கத்திலும் அந்தக் கேள்விக்கு நான் பதில் கேட்டதில்லை. 'நீ என்ன பண்ணுவே?' என்று திருப்பிக் கேட்டேன். ஆளுக்கொரு யோசனை. மிச்சத்தைப் பட்டியில் அடைத்துவிட்டுப் போவேன் என்றான் ஒருவன். அண்ணனை நிறுத்திவிட்டுப் போவேன் என்றாள் இன்னொருத்தி. ஒரு குட்டிப்பெண் மட்டும், 'தாய் ஆட்டைக் கையோட கூட்டிட்டுப் போனா அது கத்தும், குட்டி பதில் கொடுக்கும்' என்றாள். ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது தோன்றும். அந்த பீரியட் முழுக்க அப்படியே போயிற்று, நீதி என்று தனியாக நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீயும் சொல்லாதே. மூன்றாவது ஆடு வரையட்டும், நான்காவது அந்தப் பையன் மாதிரி ஒரு கேள்வி எழுதட்டும், ஐந்தாவது கதையை ஆட்டின் வாயால் எழுதட்டும். அடுத்த வாரத்துக்கு விதைக்கிறவன் கதை வைத்துக்கொள், மத்தேயு 13. அதுவும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும்.

அப்புறம், தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகலாம் என்று நினைத்தால் யோசித்துக்கொள். இருபது கொண்டை ஊசி வளைவையும் காலையில் ஏறி வந்து, டவுனில் இறங்கி, இன்னொரு வண்டி பிடித்து ஊருக்குப் போவதற்குள் காலை ஜெபம் முடிந்திருக்கும். திங்கள் ஏறி வெள்ளி இறங்குகிற மாதிரி பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு அறை கேள். ஸ்வெட்டர் ஒன்று போதாது, இரண்டு வாங்கு. ஒன்று துவைத்தால் காய வாரம் ஆகும்.