புதுப்பிப்பு: போலீஸ் நாயகன், கோபப்பட்ட வாசகிகள் – எப்படிச் சரியானது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். என் காதல் தொடரில் மயிலாப்பூர் இன்ஸ்பெக்டர் இரவு பத்து மணிக்கு நாயகியைக் கைது செய்கிறான், ஸ்டேஷனிலேயே நெருக்கம் தொடங்குகிறது; வாசகிகள் கொதித்துப்போனார்கள், என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "நெருக்கத்தைக் குறைக்க வேண்டாம், அவன் கையிலிருக்கும் அதிகாரத்தை எடுத்துவிடுங்கள்" என்ற யோசனைதான். கைதையே நீக்கிவிட்டேன். பொழுது சாய்ந்தபின் பெண்ணைக் கைது செய்ய விதிவிலக்கான சூழல் வேண்டும், அப்போதும் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடுதான் செய்யலாம் (2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 43). இப்போது அவள் புகார்தாரர். வழக்கு வேறு அதிகாரிக்குப் போன பிறகே பெசன்ட் நகர் கடற்கரையில் சந்திக்கிறார்கள். மூன்று நட்சத்திரம் வைத்த இன்ஸ்பெக்டர் சீருடைச் சட்டை வீட்டில். கசங்கிய டீ-ஷர்ட்டில் வருகிறான். "தொடட்டுமா?" என்கிறான். அவள்தான் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

எதிர்பாராதது: கோபப்பட்ட அதே வாசகிகள், முந்தையதைவிட இதுதான் சூடு என்கிறார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், அவனுடைய மேலதிகாரியை எஸ்.பி. என்று எழுதியிருந்தேன். சென்னை மாநகரக் காவலில் அந்த இடத்தில் இருப்பவர் துணை ஆணையர். அதையும் மாற்றிவிட்டேன்.